சத்தம் வருகிறது, பேச்சு விளங்கவில்லை

சாளம்பைக்குளத்திலிருந்து வாசக சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. மார்க்கச் சட்டம் பற்றிய கேள்வி எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நம்மில் பலருடைய வீடுகளில் இருக்கும் பிரச்சினை என்பதால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

அவருடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் போகவே, முன்விறாந்தையைச் சுவர் எழுப்பி அடைத்து, ஹோலுக்கும் விறாந்தைக்கும் நடுவிலிருந்த சுவரை உடைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது அது ‘ட’ எழுத்துப் போல வளைந்த ஓர் அறை. நீளப் பக்கம் பதினெட்டு அடி, அகலம் பத்தடி. வளைவுக்கு அப்பால் இன்னும் பத்தடி நீளம், ஆறடி அகலம். கட்டாரிலிருந்து வந்த தம்பி கொண்டுவந்த ஸ்பீக்கர் செட்டை ஹோலின் உட்சுவரோரம், இரண்டு மூலைகளிலும் வைத்திருக்கிறார்கள். மாமி உட்காருவதோ வளைவுக்கு அப்பால், காற்று வரும் யன்னலடியில். வயது எழுபத்தெட்டு. காலையில் வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது அவருக்குச் சத்தம் கேட்கிறது. மௌத்தானவரின் பெயர் மட்டும் விளங்குவதில்லை. ஒருமுறை சொந்தத்தில் ஒரு ஜனாஸா அடக்கப்பட்ட பிறகுதான் அவருக்குத் தெரிய வந்ததாம். “அன்று முழுவதும் மாமி சாப்பிடவில்லை” என்று எழுதியிருக்கிறார் சகோதரி. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழும்பி அழுகிறது. கணவர் இதைவிடப் பெரிய பெட்டி வாங்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம் சகோதரி. அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள். மாமிக்குக் குறைவது சத்தம் அல்ல, மெய்யெழுத்து.

எப்படி என்று கேளுங்கள். நாம் பேசும்போது உயிரொலிகள் தாழ்ந்த, பலமான அதிர்வுகளாக வருகின்றன. க, ச, த, ப, ஸ போன்றவற்றை வேறுபடுத்திக் காட்டும் மெல்லிய கூர்மையான ஒலிகள் பெரும்பாலும் செக்கனுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளில் இருக்கின்றன. செக்கனுக்கு 100 தடவை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலை ஏறக்குறைய பதினொன்றரை அடி நீளம். அது சுவர் மூலையைச் சுற்றி வளைந்து போய்விடும். 3,500 தடவை அதிரும் ஒலியின் அலையோ நான்கு அங்குலம்தான். அது பெரும்பாலும் டோர்ச் வெளிச்சம் போல நேரே போகும், மூலையைத் திரும்பாது. ஆகவே வளைவுக்கு அப்பால் இருப்பவரின் காதுக்கு ‘ஆ’வும் ‘இ’யும் நேராகவே வந்து சேர்கின்றன. எழுத்தைப் பிரித்துக் காட்டும் ஒலியோ சுவரில் மோதித் தேய்ந்த மிச்சமாக வருகிறது. தாஹிர், ஸாகிர், ஜாபிர் மூன்றும் ஒரே பெயராகிவிடுகின்றன. முதுமையில் காது முதலில் இழப்பதும் இந்தக் கூர்மையான ஒலிகளைத்தான் என்பதால் மாமிக்கு இரட்டை நட்டம். (ஸீனையும் ஸாதையும் ஒலிப்பதிவில் கேட்டுப் பழகும் என் மாணவர்களை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வைப்பதும் இதற்காகத்தான்.)

இரண்டாவது பிரச்சினை எதிரொலி. வன்னியில் போருக்குப் பின் எழுந்த வீடுகள் அநேகமாக ஒரே மாதிரியானவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாவும் 550 சதுர அடி வீடும் என்று கணக்கு. சீமெந்துத் தரை, பூசிய சுவர், பல வீடுகளில் கூரைக்குக் கீழே சீலிங்கும் கிடையாது. மழைக்கும் வெயிலுக்கும் அது போதும். ஒலிக்கோ கிணற்றுக்குள் பேசுவது மாதிரி. நீங்களே சோதித்துப் பாருங்கள். ஹோலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ‘டப்’ என்று நின்றுவிட்டால் நல்லது. ‘டர்ர்ர்’ என்று இழுத்தால், வானொலியில் ஒரு சொல் முடியுமுன் அதன் வால் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது என்று அர்த்தம். சத்தத்தைக் கூட்டினால் சொல்லோடு சேர்ந்து வாலும் பெரிதாகும். அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் அளந்து பார்த்தவரும் ஓர் ஆசிரியரே. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் ஃபொக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, அதன் விரிவுரை மண்டபத்தில் பேசுபவரின் பேச்சு மாணவருக்கு விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்தரை செக்கன் வரை மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். அதற்குள் பேசுபவர் இன்னும் பத்துப் பதினைந்து சொற்கள் சொல்லியிருப்பார். வொலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் இந்தப் பொறுப்பு வந்தது. அவர் பக்கத்து அரங்கொன்றின் ஆசன மெத்தைகளை இரவில் தூக்கி வந்து மண்டபத்தில் பரப்பினார். ஓர் ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த யன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா?

ஆக, மெத்தையும் திரைச்சீலையும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பகலில் சுருட்டி அறைக்குள் போடும் பஞ்சு மெத்தையைப் பெட்டிகளுக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வையுங்கள். யன்னல் சீலையை யன்னலின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணியில், மடிப்பு விழத் தையுங்கள். இறுக்கி விரித்த மெல்லிய சீலையால் பெரிய பயன் இல்லை. பன்பாயும் மெல்லியதுதான், தடித்த கம்பளம் கிடைத்தால் நல்லது. நிறையச் சாமான் அடுக்கிய திறந்த றாக்கையும் புத்தக அலுமாரியும் ஒலியைச் சிதறடிக்கும். முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், ஒட்டாதீர்கள். தூசு சேருமே தவிர வேறொன்றும் நடக்காது.

இனிப் பெட்டியை எங்கே வைப்பது? இங்கேதான் வன்னி எனக்கு ஞாபகம் வருகிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் புத்தளத்து முகாம்களில் இருந்த அந்தக் காலத்தில், வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். திரும்பி வந்த பிறகு தமிழ் அயலவர்கள் இதைச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். சைக்கிள் டைனமோ தருவது சாதாரணமாக 3 வாட்ஸ். சுற்றி உட்கார்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் செய்தி விளங்கியது. காரணம், திறந்த முற்றத்தில் எதிரொலி இல்லை. பெட்டியும் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

தூரம் பாதியானால் நேராக வரும் ஒலியின் பலம் நான்கு மடங்காகும். பன்னிரண்டு அடியில் 40 வாட்ஸ் செய்யும் வேலையை ஆறடியில் 10 வாட்ஸ் செய்துவிடும். மாறாக, அதே இடத்தில் வைத்துக்கொண்டு வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் காதுக்குச் சற்றே கூடியது போலத் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். கடையில் பெட்டியின் முகப்பில் ஆயிரக்கணக்கில் ‘பீ.எம்.பி.ஓ.’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற சிறிய எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள தொகைதான் கணக்கில் சேரும்.

ஆகையால் முதலில் இரண்டு பெட்டிகளையும் மூலைகளிலிருந்து எடுங்கள். மூலையில் வைத்த பெட்டியின் தாழ்ந்த ஒலியை இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பெருக்குகின்றன. பேச்சு பானைக்குள் போனது போலாகும். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 57 தடவை அதிரும் ஒலியைப் பிடித்து உறுமச் செய்யும். இதில் உங்கள் ‘ட’ அறையைக் குறை சொல்ல மாட்டேன். நீளமும் அகலமும் உயரமும் பத்துப் பத்தடியாகக் கட்டிய சதுர அறை இன்னும் மோசம். அங்கே மூன்று பக்கமும் ஒரே ஒலியைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு முடிவெடுங்கள்: யாருக்காக இந்தப் பெட்டி? வளைந்த அறையின் இரண்டு கைகளுக்கும் ஒரே செட்டால் நன்றாகக் கேட்க வைக்க முடியாது.  மாமி ஹோலுக்குள் வர விரும்பினால், பெட்டிகளை உட்சுவரிலிருந்து ஓரடி ஒன்றரையடி முன்னே தள்ளி, ஆறடி இடைவெளியில், சற்றே அவர் பக்கம் திருப்பி வையுங்கள். பாயில் உட்காருபவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி, கதிரையில் இருப்பவருக்கு மூன்றரை முதல் நான்கு அடி. பெட்டியின் சின்ன வட்டம் அந்த உயரத்தில் இருக்கட்டும். அலுமாரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வளைவின் பக்கம் திறந்திருப்பதால் அந்தப் பக்கத்துப் பெட்டி மெலிவாகக் கேட்கும். ‘பலன்ஸ்’ குமிழை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும்.

யன்னலடியை விட்டு வரமாட்டேன் என்று மாமி சொன்னால், அவர் சொல்வதே நியாயம். வன்னி வெயிலில் அந்தக் காற்றை யார் விடுவார்? அப்படியானால் செட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, சிறிய வானொலி ஒன்றை மாமியின் காதிலிருந்து மூன்றடிக்குள், முகம் பார்க்க வையுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். எப்படியும் ஒருமுறை அவரைக் காது வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். சில வேளை காதுக்குள் இறுகிய குறும்பிதான் பாதிக் காரணமாக இருக்கும்.

இன்னொன்று. வயரை மாட்டும்போது ஒரு பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும் மாறிப்போவதுண்டு. அப்போது ஒரு பெட்டி முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த ஒலி மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றால் அதுவே சரி. செய்தி நேரத்தில் ‘பாஸ்’ குமிழைக் குறையுங்கள். வூபர் தனியாக இருந்தால் அதை நிறுத்தியே விடலாம்.

எல்லாம் முடிந்ததும் மாமியை அவருடைய இடத்தில் உட்கார வைத்து, செய்தி வாசிப்பவர் சொல்லும் பெயர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் பிசகாமல் வரும் மிகக் குறைந்த சத்தத்தில் குமிழுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு நீங்கள் வெளியே போய், பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று கேளுங்கள். அங்கேயும் பெயர் விளங்கினால், அந்தப் பக்கத்து யன்னலைச் செய்தி முடியும்வரை சாத்திவிடுங்கள்.