ஆந்தி ஓய்ந்தாலும் தூசி ஓய்வதில்லை

தலைநகரில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட தமிழருக்கு ‘ஆந்தி’ என்ற இந்திச் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. கோடைக்கால மாலையில் மேற்கு வானம் செம்பழுப்பாக மாறியதும், கொடியில் காயும் துணிகளை எடுக்க மாடிக்கு ஓடுகிறோம். அரை மணி நேரம் புழுதி பறக்கிறது. பிறகு நாலு துளி மழை விழுந்தால், வெப்பம் தணிந்ததே என்று மகிழ்ந்து, விஷயத்தை மறந்துவிடுகிறோம்.

மறந்துவிடக்கூடிய விஷயமா இது? 2018 மே 2ஆம் தேதி இரவு ராஜஸ்தானையும் உத்தரப் பிரதேசத்தையும் தாக்கிய புழுதிப் புயலிலும் இடி மழையிலும் நூறு பேருக்கு மேல் மாண்டனர். சுவரும் கூரையும் சரிந்து இறந்தவர்கள் பலர். அடுத்த மாதமே ராஜஸ்தான் தூசி தில்லியின் மீது மூட்டமாகக் கவிந்து, பல நாள் கலையாமல் நின்றது. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத பி.எம். 10 துகள்கள், அதைப் போல் பல மடங்கு பதிவாயின.

புயல் பிறக்கும் விதம் எளியது. இடிமேகத்திலிருந்து இறங்கும் மழை, கீழே உள்ள வறண்ட காற்றில் ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று, தரையில் மோதி நாலாபுறமும் பாய்ந்து, காய்ந்த மண்ணை அள்ளி எழுப்புகிறது. பெரிய துகள்கள் சில மணி நேரத்தில் படிந்துவிடும். விஞ்ஞானிகள் ‘ஏரோசால்’ என்று கூறும் நுண்துகள்களோ நாள் கணக்கில் மிதக்கின்றன. அவை வெயிலின் ஒரு பகுதியைச் சிதறடிக்கின்றன; ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. தரைக்கு வரும் ஒளி குறைய, மேலே உள்ள காற்று சூடேறுகிறது. வாகனப் புகைக்கரியும் சேர்ந்துவிட்டால் இந்தச் சூடு மேலும் கூடும்.

இதன் விளைவு தில்லியோடு நிற்பதில்லை. அரபிக்கடல் மீது மிதக்கும் மேற்காசியத் தூசி காற்றைச் சூடாக்கி, ஈரக் காற்றை உள்ளே இழுத்து, ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழையைக் கூட்டக்கூடும் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஆகவே தூசியால் தீமை மட்டுமே என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே தூசி இமயப் பனியின் மீது படிந்தால், பனியின் வெண்மை மங்கி, வெயிலை உறிஞ்சி விரைவில் உருகுகிறது. மிக உயர்ந்த மலைப் பகுதிகளில் புகைக்கரியை விடத் தூசியே பனியை அதிகம் உருக்குகிறது என்று, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தப் பனியிலிருந்துதான் கங்கையும் யமுனையும் பிறக்கின்றன.

“பாலைவனத்துத் தூசியை யார் தடுக்க முடியும்?” என்று கேட்டு அதிகாரிகள் கை விரிப்பது பாதி உண்மையே. தார் பாலைவனத்துக்கும் தலைநகருக்கும் நடுவே அரணாக நிற்பது ஆரவல்லி மலைத்தொடர். ராஜஸ்தானில் பார்வையிட்ட 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டன என்ற அறிக்கையைக் கண்டு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே திகைத்தது. குன்றுகளைக் கரைத்தது காற்றல்ல; கல் வெட்டியவர்கள். இயற்கையின் மேல் பழி போடுவது இங்கே செல்லாது.

தூசியின் சுமையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஜன்னலைச் சாத்திக்கொள்ள எழுத்தருக்கு அலுவலகம் உண்டு. சாரத்தின் மேல் நிற்கும் தொழிலாளிக்கு ஜன்னலே கிடையாது. 2018 ஜூனில் தூசி மிகுந்தபோது தில்லியில் கட்டட வேலைகள் சில நாள் நிறுத்தப்பட்டன. அது சரியான உத்தரவே. ஆனால் தினக்கூலிக்காரருக்கு வேலை நின்றால் அடுப்பும் நிற்கிறது. 2024இல் குளிர்காலப் புகைக்காக வேலை நிறுத்தப்பட்டபோது, தொழிலாளர் நல வரிப் பணத்திலிருந்து உதவித்தொகை வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே நியாயம் கோடைத் தூசிக்கும் பொருந்த வேண்டாமா?

ஆகவே அரசு செய்ய வேண்டியவை மூன்று. வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை வேலைத்தளத்தில் இருப்பவர் காதுக்கு உரிய நேரத்தில் எட்ட வேண்டும். தூசிக்காக வேலை நின்றால் உதவித்தொகை, கேட்டு அலையாமல் கைக்கு வர வேண்டும். எஞ்சியுள்ள ஆரவல்லிக் குன்றுகளில் கள்ளத்தனமாகக் கல் வெட்டுவது அடியோடு நிற்க வேண்டும். கட்டடத் தொழிலில் உள்ள தமிழர்கள் நல வாரியத்தில் தவறாமல் பதிவு செய்துகொள்ள வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த எழுத்தர்கள் அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் அது பேருதவியாக இருக்கும்.