மட்சுகாவா: ஒளித்து வைத்த குறிப்பேடு

மட்சுகாவா வழக்கில் கடைசியில் நீதி வென்றது என்கிறார்கள். 14 ஆண்டு கழித்தா?

1949-ல் ஜப்பான் ரயில்வேயில் பெரும் ஆட்குறைப்பு. அவ்வாண்டு ஆகஸ்ட் 17-ந் தேதி மட்சுகாவா அருகே ரயில் கவிழ்ந்து 3 ரயில் தொழிலாளர்கள் மாண்டனர். பழி யார் தலையில் விழுந்தது? ஆட்குறைப்பை எதிர்த்த ரயில்வே, தோஷிபா ஆலைச் சங்கத்தினர் 20 பேர் தலையில்! போலீஸ் பிடியில் வாங்கிய வாக்குமூலமே பிரதான சாட்சி. 1950-ல் ஐவருக்குத் தூக்கு. 1953-ல் மேல் கோர்ட்டிலும் நால்வருக்குத் தூக்கு. பொய் வழக்கு நம் ஆலைவாசலுக்கும் புதிதல்லவே!

சதி நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில், சிக்க வைக்கப்பட்ட ஒரு தோழர் ஆலை நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தையில் இருந்தார். அதை எழுதி வைத்தவர் நிர்வாகத்தின் ஆளே! அந்தக் குறிப்பேட்டைத்தான் சர்க்கார் வக்கீல்கள் ஆண்டுக்கணக்கில் அமுக்கி வைத்தார்கள். நால்வர் தலைக்கு மேல் கயிறு தொங்கியபோதும் அவர்கள் வாய் திறக்கவில்லை.

நீதிபதிகளின் கருணையா அதை வெளியே கொண்டுவந்தது? ஊர் ஊராக இயக்கம் நடத்திய மக்கள் அல்லவா! எழுத்தாளர் ஹிரோட்சு கசுவோ தீர்ப்பை வரிவரியாகப் பிரித்து, பல ஆண்டுகள் விடாமல் எழுதினார். 1959-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திருப்பியனுப்பியது. அதுவும் 7-க்கு 5 என்ற கணக்கில்தான். 1961-ல் அனைவரும் விடுதலை. 1963-ல் அது உறுதியாயிற்று.

ரயிலைக் கவிழ்த்தவர்கள் பிடிபடவேயில்லை. 1970-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம் சர்க்காரை நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.