ஒரே சாலை உள்ள ஊருக்கு உலக வரைபடம் எதற்கு?

‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்று வங்கிக் கிளையில் சொல்லும் சில நாட்களில் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் வழிதான் தொலைந்திருக்கும்.

வழி சொல்பவை ரவுட்டர்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இவை ‘ஓ.எஸ்.பி.எஃப்.’ என்ற முறையில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் இணைப்புகளை மற்றவற்றுக்குச் சொல்ல, எல்லாவற்றிடமும் ஒரே வரைபடம் உருவாகும். அதில் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது டைக்ஸ்ட்ராவின் கணக்கு. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்தவர், காபி குடிக்க உட்கார்ந்த 20 நிமிடங்களில் பேப்பர், பேனா இல்லாமல் போட்ட கணக்கு அது. (ஷாப்பிங்கிலும் நன்மை உண்டு!)

நெட்வொர்க் வளர்ந்தால் வரைபடமும் பெருத்துவிடும். அதனால் ஏரியாக்களாகப் பிரித்து, எல்லாவற்றையும் ‘ஏரியா 0’வோடு இணைப்பார்கள்.

மலையடிவாரத்தின் கடைசி ஊருக்கு ஒரே சாலைதான். எங்கே போனாலும் அதில்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஏரியாவை ‘ஸ்டப்’ ஆக்கிவிட்டால், வெளி நெட்வொர்க்குகளின் நீண்ட பட்டியல் உள்ளே வராது. ‘தெரியாததையெல்லாம் என்னிடம் அனுப்பு’ என்று எல்லை ரவுட்டர் சொல்லும் ஒரே வரி போதும். மெமரி குறைந்த பழைய ரவுட்டரும் மூச்சு விடும். ‘டோட்டலி ஸ்டபி’ என்றால் மற்ற ஏரியாக்களின் விவரமும் வராது. அந்த ஏரியாவிலேயே தனியாக ஒரு வெளி இணைப்பு இருந்தால் ஸ்டப் சரிப்படாது. அதற்கு ‘நாட் ஸோ ஸ்டபி’ இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் இதை மட்டும் போட்டால் அந்த ‘ஒரே வரி’ தானாக வராது. தனியாகக் கேட்க வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான்.

இன்னொரு வழுக்கல் இதைவிடப் பெரியது. ஸ்டப் என்பதை அந்த ஏரியாவின் எல்லா ரவுட்டர்களிலும் சொல்ல வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் ‘ஹலோ’ செய்தியில் ஒரே ஒரு பிட் மாறும். பக்கத்து ரவுட்டர் அதோடு உறவே வைத்துக்கொள்ளாது. கேபிள் சரியாக இருக்கும், பச்சை விளக்கும் எரியும். வழி மட்டும் இருக்காது.

தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி கிளையை ஸ்டப் ஆக்குபவர், தொலைவில் உள்ள ரவுட்டரை முதலில் மாற்ற வேண்டும். உடனே தொடர்பு அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். எல்லை ரவுட்டரையும் மாற்றியதும் திரும்பி வரும். வரிசையை மாற்றிச் செய்தால், கிளை ரவுட்டரை எட்டும் வழி முதலிலேயே போய்விடும். எல்லை ரவுட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து கிளைக்குத் தாவத் தெரிந்தவர் தப்பித்தார். தெரியாதவர், காலையில் கவுன்ட்டரில் கூட்டம் சேர்வதற்குள் அந்த ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.