நாளுக்கு 33 ரூபாயில் யார் சோம்பேறியாவது?

தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் மாணவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், அதைத் தொழிற்பயிற்சிக்குத் திருப்புங்கள் என்கிறார்கள். திட்டத்தைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

மாணவிகளுக்காக 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய இந்தத் திட்டங்கள் இரண்டுமே ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் உரியவை. மேற்படிப்பில் சேர்ந்தால்தான் பணம். படிப்பை விட்டால் அதுவும் நிற்கும். நாளுக்கு 33 ரூபாய், மதியச் சாப்பாட்டுக்கே காணாது. பட்டறைக்குப் போகும் பையன் அதைவிடக் கூடுதலாகவே சம்பாதிப்பான். அவனை வகுப்பில் இருத்திவைக்கத்தான் இந்தச் சிறுதொகை.

சமூகச் சீர்திருத்தவாதி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு முன்பு பெண்களின் திருமணத்துக்குத் தங்கமும் பணமும் தந்தது. அதே பெயரிலான புதுமைப்பெண் திட்டத்தில் இன்று படிக்கும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே பணம் போகிறது. இதையா இலவசம் என்பது?

குறை சொல்வதானால், தொகை போதவில்லை என்று சொல்லுங்கள்.