கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

பீன்யா தொழிற்பேட்டையை நம்பி வந்து வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பொறியியல் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் தேர்வெழுதி, அரசு உரிமம் பெற்று, ஹாம் வானொலி நிலையம் அமைக்க ஆசைப்படுகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். செட்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்கும் நாம், அதை மொட்டைமாடி ஆன்டெனாவுடன் இணைக்கும் கேபிளை மட்டும் எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி, இருப்பதிலேயே மெல்லியதாக வாங்கி வருகிறோம். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்!

கணக்கையே பார்ப்போம். 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் செட். மூன்றாம் மாடி ஆன்டெனாவரை 30 மீட்டர் கேபிள். மெல்லிய ஆர்.ஜி.58 போட்டால் ஆன்டெனாவைச் சேர்வது ஏறக்குறைய ஒன்றேகால் வாட்தான். மீதி கேபிளிலேயே சூடாகிக் கரைகிறது. தடித்த ஆர்.ஜி.213 போட்டால் பாதிக்கு மேல் சேரும். கேட்கும்போதும் இதே இழப்புதான். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகளில் இழப்பு மிகக் குறைவு. அங்கே மெல்லியதே போதும்.

அவ்வளவு செலவுக்கு வசதியில்லையா? டிஷ் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்.ஜி.6 கேபிளைத் தூக்கி எறியாதீர்கள். அது 75 ஓம், செட் 50 ஓம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த வேறுபாட்டால் திரும்பி வருவது நூற்றுக்கு 4 பங்கு மட்டுமே. 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி.58-ஐவிட அது எவ்வளவோ மேல். எதைப் போட்டாலும் மாடியில் உள்ள இணைப்புக்குள் மழைநீர் புகாமல் நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். இடிமின்னலுக்கு எர்த் கம்பியும் போடுங்கள்.

இஸ்ரோவின் இஸ்ட்ராக் தலைமையகம் இருப்பதும் நம் பீன்யாவில்தான். செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் நிலையங்களில், விண்ணிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பெருக்கும் கருவியை ஆன்டெனாவை ஒட்டியே வைப்பார்கள். கேபிள் தின்றது போக மிஞ்சியதைப் பெருக்கி அதிகப் பயனில்லை என்பதே காரணம்.

இது வெறும் பொழுதுபோக்கு, இதற்கு இத்தனை அக்கறையா என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமான் தீவுகள் தொடர்பிழந்து நின்றபோது, போர்ட் பிளேரில் வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியோடு இயங்கிய பாரதி பிரசாத் குழுவினர்தான் செய்திகளைக் கரை சேர்த்தார்கள். உறவுகளை ஊரில் விட்டு வந்த நமக்கு, "எல்லோரும் நலம்" என்ற ஒரு சொல்லின் விலை தெரியும். அந்தச் சொல் நம் வீட்டுக் கேபிளில் கரைந்து போகலாமா?

பெற்றோர்களே, பிள்ளை செட் கேட்டால், முதலில் மாடியிலிருந்து அறைவரை கயிறு பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அந்த நீளத்துக்கு நல்ல கேபிளை வாங்கிக் கொடுங்கள். மிச்சமுள்ள பணத்துக்கு ஏற்ற செட் போதும்.