ஆப்பிளும் ஹார்லிக்ஸும் போதாது

நாகர்கோவிலில் ரயிலேறி, சென்னையில் இறங்கி, லோக்கலில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் சூளூர்பேட்டை வரும். மாற்றலாகி வந்து நாலு வருஷம். ஊரில் தும்மினால் பத்து பேர் ஓடி வருவார்கள். இங்கே நமக்கு மாமா, மச்சான் எல்லாமே பக்கத்து வீடுதான்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன வருஷம் மார்பகப் புற்றுநோய். கட்டி இருப்பது தெரிந்தும் மூன்று மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. "வலிக்கலையே, அதான் விட்டுட்டேன்" என்றார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இதில் ஆபத்தே. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாக வந்ததாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மதிப்பிட்டிருக்கிறது. நாம் இன்னும் காதோடு காதாகத்தான் பேசுகிறோம்.

ஆபரேஷன் முடிந்ததும் நானும் போய்ப் பார்த்தேன். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். வாயில், "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க". தலையாட்டினார். கேட்கவே இல்லை. கேட்க மாட்டார்கள் சார்! வலியோடு படுத்திருப்பவர், யாரிடம் எதைக் கேட்கலாம் என்று லிஸ்ட் போட்டுக்கொண்டா இருப்பார்? நல்ல மனசோடுதான் சொன்னேன். ஆனால் யோசிக்கிற வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டு வந்தேன்.

தங்கமணி எதையும் கேட்கவில்லை. "செவ்வாய், வெள்ளி மதியச் சாப்பாடு எங்க வீட்ல இருந்து வரும்க்கா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் இருந்து ஒரு குழாய், அதன் முனையில் நீர் சேரும் டப்பா. தினமும் எத்தனை மில்லி என்று குறிக்க வேண்டும், அளவு குறைந்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள். பழைய நோட்டில் தேதி, காலை, மாலை, மொத்தம் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். பி.காம். படித்தது அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது :-)

சொல்ல வந்தது இதுதான். ஆபரேஷனோடு பார்க்க வரும் கூட்டம் கலைந்துவிடுகிறது. சிகிச்சையோ அதற்கப்புறம்தான் நீள்கிறது. அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மாதக்கணக்கில். முடி கொட்டியது. பிறகு வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. இப்போது மாத்திரை, குறைந்தது ஐந்து வருஷத்துக்கு. அக்குளில் நெறிக்கட்டி எடுத்ததால் அந்தப் பக்கத்துக் கை வீங்கும் அபாயம் உண்டு. அதனால் தண்ணீர் கேன் தூக்குவது என் பையன் வேலை. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி எடுப்பது என் வேலை. இரண்டு முறை போனோம்.

பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று உண்டு. ஒரு தடவை எழுதிக் கொடுத்தால், மாதாமாதம் அந்தத் தேதியில் பணம் தானாகப் போய்ச் சேரும். யாரும் வந்து கேட்க வேண்டாம். உதவியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் விடவே இல்லை. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்ணை மூடும் வரை அங்கேயே இருந்தார். 2022-ல் நம் திருப்பதியிலும் டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை வந்துவிட்டது. வைத்தியத்துக்கு இடம் இருக்கிறது. அங்கே கூடப் போகவும், திரும்பி வந்தால் சோறு வைக்கவும்தான் ஆள் வேண்டும்.

இன்னொன்று. "எங்க சித்திக்கும் இதேதான், ஆறே மாசம்..." என்ற கதையைத் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நேற்று அக்கா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கையை முழுசாக மேலே தூக்கி. தங்கமணிதான் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள்.

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கலாம். "எது வேணும்னாலும் கேளுங்க" வேண்டாம். "வியாழக்கிழமை நான் வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போங்கள்.