கைதொட்டுக் கற்கும் அறிவியல் கடைச்சரக்கா?

அறிவியலைப் பிள்ளைகள் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் கற்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. அதை யார் பொறுப்பில் விடுவது என்பதிலேதான் நாம் ஏமாந்து நிற்கின்றோம்.

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘எக்ஸ்புளோரட்டோரியம்’ என்னும் அறிவியற்கூடத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், முன்னர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் சொன்ன இயற்பியலறிஞர். சிங்கப்பூரும் பின்தங்கிவிடவில்லை. 1970இல் அறிவியல் நிலையத்திற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1977 டிசம்பரில் ஜூரோங்கில் அந்நிலையம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொட்டறியப் பொதுவில் ஓர் இடம் வேண்டும் என்பதை இளங்குடியரசு அன்றே உணர்ந்திருந்தது.

இன்றோ வணிக வளாகங்களில் சிறுவர் அறிவியல் வகுப்புகள் கடை விரித்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 180 கோடி வெள்ளி. இத்துணைப் பெரிய சந்தைக்கு அருகில் புதுக்கடைகள் முளைப்பதில் வியப்பென்ன?

நடத்துவோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வாடகை, ஊதியம், வகுப்புதோறும் தீர்ந்துபோகும் பொருள்கள், விளம்பரம் ஆகியவற்றைக் கட்டணத்திலிருந்தே அவர்கள் ஈடுகட்ட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு பாடத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். வாடகை வகுப்பு நேரத்தைக் குறிக்கிறது. நேரம் சோதனையைத் தேர்கிறது. குறித்த நேரத்தில் முடிய வேண்டும். தவறாமல் வெற்றி பெற வேண்டும். பெற்றோர் படமெடுக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். எனவே சோடா மாவில் புளிக்காடி ஊற்றப்படுகிறது, எரிமலை பொங்குகிறது, பிள்ளைகள் கைதட்டுகின்றனர். ஏன் பொங்கியது, இருமடங்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்பதற்குள் அடுத்த குழு வாசலில் நிற்கிறது. பயறு முளைக்க இரண்டு மூன்று நாள் வேண்டும். வாடகை அதுவரை காத்திராது. தவறிப் பார்க்க இடந்தராத சோதனை வெறும் வேடிக்கையே. அந்த வேடிக்கையும் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இல்லை.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டதோடு, இங்கே தமிழில் அறிவியல் பயிலும் வாய்ப்பும் மறைந்தது. அதன்பின் தமிழ் வகுப்பைப் பண்டிகைக்கும் பழங்கதைக்கும் உரியதாகவே நாம் சுருக்கிவிட்டோம். தமிழ்நாட்டிலோ 1980இல் தோன்றிய அறிவியல் இயக்கம், ‘துளிர்’ இதழ் வழியே சிறுவர்க்குத் தமிழிலேயே அறிவியலைக் கொண்டு செல்கின்றது.

நமக்குப் பொருளில்லையா? தேக்காவுக்குச் செல்லுங்கள். மஞ்சளும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், எலுமிச்சையும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மஞ்சள் நீரில் ஆசிரியர் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் நீர் சிவக்கும். அதுவே நம் ஆரத்தி. அதில் பிள்ளை எலுமிச்சையைப் பிழியட்டும். சிவப்பு மறைந்து மஞ்சள் மீளும். காரம், அமிலம் என்னும் சொற்கள் அப்பொழுது அகராதியை விட்டுப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும்.

ஆகவே, தமிழ் அமைப்புகள் மேடைச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, சமூக மன்றங்களில் கட்டணமில்லா அறிவியற் கூடங்களை நிறுவுதல் வேண்டும். பயிற்சி பெறும் ஆசிரியர்க்கு இத்தகைய சோதனைகளைத் தமிழில் நடத்தக் கற்பித்தல் வேண்டும். ஒரு பிள்ளை மூன்று முறை தவறி நான்காம் முறை கண்டறியும் வரை, கடிகாரத்தைப் பாராமல் காத்திருக்கும் இடம் ஒன்றேனும் இந்நகரில் நம் முயற்சியால் அமைதல் வேண்டும்.

கடைக்காரர் கடையை நடத்தட்டும். கல்விப் பொறுப்பை நாம் அவரிடம் ஒப்படைக்கலாகாது.